எட்டு மூளைகளும் பன்னிரண்டு நாட்களும்

வெள்ளைக்கல் தோட்டம்,
லகாட், ஈப்போ.
6 மார்ச் 1988

பியாட்ரிஸ் அம்மையாருக்கு,

அம்மையார் என்று போட்டதைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே. ஒன்பது வருஷமாகப் பேசாதவளை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் உன் பக்கத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நவமணிதான் எழுதுகிறேன். நீ தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் மகள், ஈப்போ கான்வென்ட்டுக்குப் போனாய். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனேன். அதற்காக உன் மேல் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. வருத்தம் எதற்கு என்று உனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தை மூடுகிறார்கள். மரங்களைச் சாய்த்துவிட்டு வீடு கட்டப் போகிறார்களாம். பதினைந்து வருஷம் முறியாமல் வேலை செய்தவர்களுக்குப் ஏற்கெனவே கட்டி முடித்த புதுத் தாமான் குடியிருப்பில் ஆளுக்கொரு வீடு சும்மாவே கிடைக்கும். மற்றவர்கள் மே மாதக் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆபீஸ் சுவரில் இரண்டு பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இரண்டாவதில் இருக்கிறது. பக்கத்தில் "சேவை முறிவு: 21" என்று போட்டிருக்கிறது.

பதினைந்து வயதில் கத்தி பிடித்தேன். இந்த வருஷத்தோடு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இதில் இருபத்தோரு இடத்தில் நான் எப்போது முறிந்தேன்? புதுக் கிராணியிடம் போய்க் கேட்டேன். "நான் என்னக்கா செய்றது? கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு லா. அதுகிட்ட போய் சண்ட போட முடியுமா?" என்றார்.

பட்டியலின் அடியில் "தயாரித்தவர்: திருமதி பியாட்ரிஸ் லூயிஸ், தலைமை அலுவலகம்" என்று இருந்தது. சண்டை போட ஆள் கிடைத்தது என்று எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து முட்டி உடைந்தபின் இரண்டு வருஷமாக வேலைக்குப் போவதில்லை. மங்களம் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். லயத்தை விட்டால் ஈப்போவில் புந்தோங் பக்கம் ஒரு வாடகைப் பின்னறைதான் கதி, அதுவும் என் கூலிக்குக் கட்டாது.

உன் கல்யாணத்துக்கு வா வா என்று எழுதியிருந்தாய். இரண்டு வாரத்துக்கு முன்பே ஈப்போப் பக்கம் குனோங் ராபாட்டில் இருந்த உங்கள் சொந்த வீட்டுக்கு வந்து ஒத்தாசையாக இருந்தேன். கல்யாணத்தன்று என்னைக் குசினிப் பக்கம் பாத்திரம் கழுவுகிறவர்களோடு சாப்பிட உட்கார வைத்தீர்கள். நீ பார்த்தாய். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாய். நான் அதை மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இப்போது வீடு வேண்டும், அவ்வளவுதான்.

நவமணி


கோலாலம்பூர்,
15 மார்ச் 1988

அன்புள்ள நவமணி,

உன் கடிதம் அலுவலகத்துக்கு வந்ததால் நாலு பேர் கண்ணில் பட்டது. இனி எழுதினால் பின்னால் உள்ள வீட்டு விலாசத்துக்கு எழுது.

பட்டியலைத் தயாரித்தது நான்தான். ஆனால் பெயர்களைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. கம்பெனிக்கு அறுபத்து நாலு தோட்டங்கள். எல்லாத் தோட்டத்து வருகைப் பதிவையும், அதாவது செக்ரோலை, இரண்டு வருஷம் உட்கார்ந்து கணினியில் ஏற்றியிருக்கிறோம். ஓர் ஆளுக்கு ஒரு மாதத்துக்கு ஒரு வரி. அதில் முப்பத்தொரு கட்டம், எந்த நாள் வந்தார், எந்த நாள் வரவில்லை என்று. இப்படி நாற்பது லட்சம் வரிகள். ஆட்களின் விவரம் ஓர் அட்டவணை, தோட்டங்கள் ஓர் அட்டவணை, செக்ரோல் ஓர் அட்டவணை என்று வைத்துக்கொண்டு, அட்டவணைகளை ஒன்றோடொன்று கோத்துக் கேள்வி கேட்போம். "பத்து நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் லீவு இல்லாமல் வராமல் இருந்தவர் யார்?" என்பது கேள்வி. அதற்குப் பெயர்தான் சேவை முறிவு.

பழைய கணினிக்கு ஒரே ஒரு மூளை. பிராசசர் என்போம். நாற்பது லட்சம் வரிகளையும் அது ஒண்டியாகப் படித்து முடிக்க ஐந்து மணி நேரம் பிடிக்கும். அதுவரை வேறு யாருக்கும் வேலை ஓடாது. போன வருஷம் எட்டு மூளை உள்ள இயந்திரம் வாங்கினார்கள். வாங்கியபின், எட்டில் ஏழு சும்மா இருக்க ஒன்றுதான் கேள்விக்குப் பதில் தேடியது. ஒரே கேள்வியை எட்டாகப் பிரித்து எட்டுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கிற வழியை எழுதியவள் நான். ஒரு மூளைக்கு எட்டுத் தோட்டம். உங்கள் வெட்டுக்காட்டில் ஆளுக்கு இத்தனை மரம் என்று நிரை பிரித்துக் கொடுப்பதைப் போலத்தான். ஏழு மூளைகள் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டன. பெரிய தோட்டங்கள் மாட்டிய எட்டாவது நாற்பது நிமிடம் இழுத்தது. மேட்டு நிரைக்காரன் பால் கொண்டுவரும்வரை லாரி கிளம்பாதே, அப்படி மற்ற ஏழும் காத்திருந்தன. ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடமானதற்கு இயக்குநர்கள் கை தட்டினார்கள்.

இதையெல்லாம் எழுதுவது பெருமைக்கு இல்லை. இயந்திரத்துக்கு உன் மேல் பகை ஒன்றும் இல்லை என்று நீ தெரிந்துகொள்ளத்தான். உன் வரிகளை நானே எடுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லா வருஷமும் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை உன் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அந்த மாதங்களில் நீ எங்கே இருந்தாய்?

கல்யாணத்தன்று நடந்தது அம்மாவின் ஏற்பாடு. மணப்பெண்ணாக நின்ற நான் என்ன செய்திருக்க முடியும்?

பியாட்ரிஸ்


வெள்ளைக்கல் தோட்டம்,
20 மார்ச் 1988

கிராணியார் மகளுக்கு,

எங்கே இருந்தேனா? உன் அப்பா அனுப்பிய இடத்தில் இருந்தேன்!

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எட்டு மூளை, நாற்பது லட்சம் வரி, கைதட்டல், எல்லாம் இருக்கிறது. பிப்ரவரியில் மரம் இலை கொட்டும் என்கிற ஒன்று மட்டும் இல்லை. இலை கொட்டினால் பால் குறையும், வெள்ளைக்கல்லில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. இதே கம்பெனியின் ஆத்தங்கரைத் தோட்டத்தில் வேறு ரக மரம், அங்கே இலை கொட்டுவது பிந்தும், ஆளும் பற்றாது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் உன் அப்பா முப்பது பெயரைக் கூப்பிடுவார். நாங்கள் வாளியோடு லாரியில் ஏறுவோம். ஏப்ரல்வரை ஆத்தங்கரைச் செக்ரோலில் எங்கள் பெயர் இருக்கும், இங்கே இருக்காது. இருபது வருஷம் போயிருக்கிறேன். மங்களம் பிறந்த வருஷம் மட்டும் பிரசவ லீவில் இருந்தேன்.

சின்ன வயதில் என் அம்மாவோடு நானும் அந்த லாரியில் தொற்றிக்கொண்டால், பின்னால் நீயும் கவுன் போட்டுக்கொண்டு ஓடி வருவாய். "நானும் வாரேன், நானும் வாரேன்" என்று அழுவாய். உன் அம்மா வந்து இழுத்துக்கொண்டு போவார். நீ மறந்திருக்கலாம். எட்டு மூளையில் ஒன்றுக்குமா தெரியவில்லை?

எனக்குக் கணினி தெரியாது, நிரை தெரியும். நீ நிரை பிரித்துக் கொடுத்தாய், சரி. வெள்ளைக்கல் ஒரு மூளைக்கு, ஆத்தங்கரை வேறு மூளைக்கு, அப்படித்தானே? எந்த நிரைக்காரனாவது பக்கத்து நிரையை எட்டிப் பார்ப்பானா? அவனவன் தன் மரத்தைப் பார்த்து "நவமணி இங்கே இல்லை" என்று சொல்லியிருப்பான். எங்கே போனாள் என்று எல்லா நிரைக்கும் போய்க் கேட்க ஒரு மண்டோரை நீ வைக்கவில்லை.

நேற்று தண்ணீர்க் குழாயை ஒரு வேளைக்குக் குறைத்துவிட்டார்கள். நாங்களாகவே போய்விடட்டும் என்று பார்க்கிறார்கள்.

நவமணி


கோலாலம்பூர்,
2 ஏப்ரல் 1988

நவமணி,

நீ சொன்னது சரி. தவறு என்னுடையது.

வெள்ளைக்கல் மூன்றாவது மூளையிடம் போயிருக்கிறது, ஆத்தங்கரை ஆறாவதிடம். மூன்றாவது உன்னை மூன்று மாதம் காணவில்லை என்று முறிவு போட்டது. ஆறாவதிடம் நீ அந்த மூன்று மாதம் மட்டும் இருந்தாய். அதற்கு நீ பதினைந்து வருஷம் வேலை செய்யாத வேறு யாரோ. எட்டுப் பதிலையும் வாங்கிய என் புரோகிராம் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கொடுத்ததே தவிர, இங்கே இல்லாதவள் அங்கே இருந்தாளா என்று பார்க்கவில்லை. எத்தனை பேர் என்று எண்ணுவதாக இருந்தால் எட்டு விடையைக் கூட்டினால் போதும். ஒருத்தி முறியாமல் இருந்தாளா என்பதை அப்படித் துண்டு துண்டாகப் பார்க்கவே கூடாது. இது பாடத்தில் முதல் பக்கத்தில் இருக்கிற விஷயம்.

உன் கடைசி ஐந்து வருஷத்தை மட்டும், இரண்டு தோட்டத்தையும் சேர்த்து ஒரே மூளையில் ஓட்டிப் பார்த்தேன். ஐந்து முறிவும் மறைந்துவிட்டன.

இப்படி இரண்டு தோட்டத்தில் பெயர் இருப்பவர்கள் மொத்தம் 413 பேர். என் மேலாளர் சதாசிவத்திடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். பட்டியலில் இயக்குநர்கள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இந்த மாதக் கடைசியில் வெளியூர் விருந்தாளிகள் முன்னால் இயந்திரத்தை ஓட்டிக் காட்டப் போகிறோம். "இப்போ போய் தப்புன்னு சொன்னா ஒன்னையும் என்னையும் சேர்த்து அனுப்பிடுவாங்க லா. ஒனக்கு வேண்டிய ஆள்னா அந்த ஒரு பேர மட்டும் கையால சேர்த்துக்க" என்றார்.

என் கணவர் லூயிஸுக்கு வேலை போய் இரண்டு வருஷம் ஆகிறது, நவமணி. எண்பத்தாறில் ஆட்குறைப்பு செய்தபோது போனது. என் ஒரு சம்பளத்தில்தான் நாலு பேர் இருக்கிறோம். இந்த வேலையைப் பிடிக்காவிட்டாலும் விட முடியாது.

உன் பெயரை மட்டும் சேர்த்துவிடட்டுமா? சம்மதமானால் எழுது. யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பியாட்ரிஸ்


வெள்ளைக்கல் தோட்டம்,
7 ஏப்ரல் 1988

பியாட்ரிஸ்,

நான் வீராவேசமாக மாட்டேன் என்று சொல்வேன் என்று நினைத்திருப்பாய்.

லாரியில் போனவர்கள் எங்கள் தோட்டத்தில் மட்டும் முப்பத்தொரு பெண்கள். எல்லாருக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் காளியம்மா தினமும் வந்து, "கம்ப்யூட்டர்ல இருக்குறவ ஒன் சேக்காளிதானே, ஏதும் சேதி வந்துச்சா?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்கிறேன். உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்கிறேன்.

இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு மட்டும் வீடு வந்தால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வராவிட்டால் மங்களத்தை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. கடைசியில் மங்களம்தான் பெரிதாகத் தெரிந்தாள்.

என் பெயரைச் சேர்த்துவிடு.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. படித்ததும் கிழித்துப் போடு.

நவமணி


கோலாலம்பூர்,
25 ஏப்ரல் 1988

நவமணி,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

உன் பெயரைச் சேர்க்கப் படிவத்தை எடுத்தேன். அதில் "காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. "வேறு தோட்டத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்" என்று எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் அது 413 பேருக்கும் பொருந்துகிறது. சரி, பொய் எழுதலாம் என்று இறங்கினேன். எந்தப் பொய்யை எழுதினாலும் இவருக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி வந்து நின்றது. மூன்று படிவத்தைக் கிழித்தேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே. வழி இல்லாமல்தான் மறுபடி சதாசிவத்திடம் போனேன்.

அவர் யோசித்துவிட்டு, "தப்புன்னு வாய்ல வரக்கூடாது. ரெண்டாவது கட்டம்னு சொல்லு. விருந்தாளிங்க முன்னாடியே ஓட்டு. ஆனா ஒண்ணு, இதுக்கப்புறம் கையால ஒரு பேரும் ஏறாது" என்றார். ஒத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை தோட்டத்தை வைத்துப் பிரிக்கவில்லை, ஆளை வைத்துப் பிரித்தேன். ஒரு தோட்டத்தில் உனக்கு ஓர் எண், இன்னொன்றில் வேறு எண். இரண்டிலும் மாறாதது உன் அடையாள அட்டையில் இருக்கும் ஐசி எண் மட்டும்தான். அந்த எண்ணை எட்டால் வகுத்து என்ன மீதி வருகிறதோ, அந்த மூளைக்கு அந்த ஆள். முதலில் எட்டும் தங்களிடம் உள்ள வரிகளைப் படித்து, உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகுதான் தேட வேண்டும். உன் எண் 917 என்று முடிகிறது, மீதி ஐந்து. வெள்ளைக்கல்லில் இருந்தாலும் ஆத்தங்கரையில் இருந்தாலும் உன் வரிகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. கைமாற்றுகிற வேலை கூடியதால் நாற்பது நிமிடம் ஐம்பத்தெட்டு ஆனது. ஆனால் எட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்தன, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

413 பேரில் 376 பேருக்கு முறிவு ஒன்றுகூட இல்லை. முதல் பட்டியலுக்குப் போய்விட்டார்கள். உங்கள் தோட்டத்து முப்பத்தொரு பேரில் முப்பது பேர்.

அந்த ஒன்று நீ.

உனக்கு இருபது முறிவு மறைந்தது. ஒன்று மறையவில்லை. நீ இருபது வருஷம் லாரியில் போனதாக எழுதியிருந்தாய், பட்டியலில் இருபத்தொன்று என்று இருந்தது. நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். 1979 ஜூன் 4 முதல் 16 வரை, வேலை நாள் பன்னிரண்டு, எந்தத் தோட்டத்திலும் நீ இல்லை. அதற்கு முன் பதின்மூன்று வருஷம், பின் ஒன்பது வருஷம். இரண்டுமே பதினைந்து இல்லை.

அந்தக் கடைசித் தேதியைப் பார். ஜூன் 16, சனிக்கிழமை, என் கல்யாண நாள்.

பியாட்ரிஸ்


வெள்ளைக்கல் தோட்டம்,
1 மே 1988

பியாட்ரிஸ்,

புதுப் பட்டியலை ஒட்டிய அன்று முப்பது பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். காளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் பெயர் அதில் இல்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. என்னால்தான் நடந்தது, எனக்கு இல்லாமல் இருக்குமா என்று நினைத்துவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன்.

உன் அப்பா நல்ல மனிதர். "நான் எழுதிக்கிறேன், நீ போ தாயி" என்றுதான் அனுப்பினார். ஆனால் மகள் கல்யாணத்துக்கு அவரும் லீவில் அல்லவா இருந்தார்? செக்ரோலை வேறு ஆள் எழுதியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்தது நான் வரவில்லை என்பது மட்டும்தான். அவர் திரும்பி வந்து மாற்ற மறந்திருப்பார். இறந்துபோனவரைப் போய் என்ன கேட்பது?

அந்த லாரி விஷயத்தை நான் எழுதாமல், என் பெயரை மட்டும் பார் என்று கேட்டிருந்தால், கையால் சேர்க்க வழி இருந்திருக்கும். நான் எழுதினேன். அதனால் முப்பது பேருக்கு வீடு, எனக்கு இல்லை. உன் மேல் கோபம் வருகிறது, என் மேலும் வருகிறது. யாரைத் திட்டினாலும் அந்தப் பன்னிரண்டு நாள் அங்கேயே இருக்கிறது.

இன்னும் முப்பது நாள் இருக்கிறது.

நவமணி


கோலாலம்பூர்,
11 மே 1988

நவமணி,

ஒரு வழி இருக்கிறது. உனக்குப் பிடிக்காது.

பட்டியலை மறுபார்வை செய்ய வந்திருக்கும் அதிகாரி ஜெயபாலன் ஒரு பழைய சுற்றறிக்கையைக் காட்டினார். தோட்டத்துத் துரையோ கிராணியோ தன் வீட்டு வேலைக்கு அனுப்பிய தொழிலாளி, அந்த நாட்களில் வேலையில் இருந்ததாகவே கணக்கு. அந்தக் காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் நடந்ததுதானே. அந்த வீட்டைச் சேர்ந்த ஒருவர் எழுத்தில் கொடுத்தால் போதும் என்கிறார். அப்பா இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "செத்தவர் பேரைக் கெடுக்கப் பார்க்கிறாயா?" என்று பேச்சை நிறுத்திவிட்டாள். மிச்சம் இருப்பது நான்.

என் கல்யாணத்துக்கு வந்த தோழி என்று எழுதினால், நீ லீவு சொல்லாமல் போனவள். எங்கள் வீட்டுப் பணிப்பெண்ணாக அப்பா அனுப்பினார் என்று எழுதினால் வீடு கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் எழுத இடமில்லை. எவ்வளவோ எழுதிப் பார்த்துவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன்.

பியாட்ரிஸ்


வெள்ளைக்கல் தோட்டம்,
15 மே 1988

பியாட்ரிஸ்,

எழுது.

பன்னிரண்டு நாள் மாவு ஆட்டினேன், மிளகாய் இடித்தேன், உன் அத்தைமார் துணியெல்லாம் துவைத்தேன். வேலைக்காரி செய்கிற எல்லாவற்றையும் செய்தேன். சம்பளம் வாங்காதது ஒன்றுதான் என்னைத் தோழி ஆக்கியது. அன்று குசினிப் பக்கம் உட்கார்ந்தபோது ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இப்போது அந்த இடம்தான் என் இடம் என்று கம்பெனியே எழுதி வாங்கப் போகிறது.

கம்பெனிக்குப் பணிப்பெண் என்று எழுது. எனக்கு எழுதுகிற கடிதத்தில் மட்டும் உண்மையைச் சொல். உனக்கு நான் யார்?

நவமணி


கோலாலம்பூர்,
20 மே 1988

நவமணி,

கம்பெனிக்குக் கொடுத்ததன் பிரதியை இணைத்திருக்கிறேன். "பணிப்பெண்" என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது. குறைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். எனக்கு இருந்த ஒரே தோழி நீதான். ஆனால் முதல் கடிதத்தில் நான் உனக்கு எழுதியது பொய். அன்று அம்மா ஜாடையாக உன்னைக் காட்டி என்னிடம் கேட்டாள்: "அந்தப் பொண்ண எங்க உக்கார வைக்க?" லூயிஸ் வீட்டார் பக்கத்தில் நின்றார்கள். நான் "ஒங்க இஷ்டம்மா" என்றேன். முன்னால் உட்கார வைக்கச் சொல்லியிருந்தால் அம்மா வைத்திருப்பாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

நேற்று என்னை இயந்திர அறையிலிருந்து கீழே, பழைய கணினி நாடாக்களை அடுக்கி வைக்கும் நாடா அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத இடம். எட்டு மூளைத் திட்டம் இனி சதாசிவம் பெயரில். வேலை போகவில்லை, அதனால் நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

பியா


வீட்டு எண் 27, புதுத் தாமான்,
லகாட்.
28 ஆகஸ்ட் 1988

பியா,

மூன்று மாதமாக உனக்கு எழுதவில்லை. உன் கடிதத்தில் இருந்த "ஒங்க இஷ்டம்மா" என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. அதோடுதான் எழுதுகிறேன்.

விசாரணை ஆபீஸ் முன்னால் நடந்தது. சாட்சிக்குப் பழைய மண்டோர் உடையப்பன் அண்ணன் வந்தார். லயமே கூடி நின்றது. ஜெயபாலன் உன் தாளை எல்லாருக்கும் கேட்கப் படித்தார். படித்துவிட்டு, "நீங்க அவங்களுக்குச் சேக்காளியா, வேலக்காரியா?" என்று என்னைக் கேட்டார். காளியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதிலிருந்து நீ என் சேக்காளி என்று அவளிடம் பீற்றிக்கொண்டவள் நான். "வேலக்காரிதான் ஐயா" என்றேன். அவர் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். பன்னிரண்டு நாளும் ஒட்டிக்கொண்டன.

வீட்டைத் தந்துவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கை நீட்டினால் தொடலாம். கொல்லை இல்லை, கோழி வளர்க்கக் கூடாது, மரம் ஒன்றுகூட இல்லை. என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வெயிலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மங்களம்தான் சந்தோஷமாக இருக்கிறாள். போன வாரம் அவள் கேட்டாள், "அம்மா, நீங்க கிராணியார் வீட்ல வேலக்காரியா இருந்தீங்களாமே?" காளியம்மா மகள் சொன்னாளாம். ஆமாம் என்று சொன்னேன். இல்லை என்று சொன்னால் வீடு போய்விடுமோ என்று எனக்கு இன்னும் பயம்.

நீ ஜன்னல் இல்லாத அறையில் இருப்பதாக எழுதியிருந்தாய். லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. லூயிஸையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. கட்டினவர்கள் செலவைக் குறைக்க நடுச்சுவரை வைக்காமல் விட்டுவிட்டார்கள். இங்கே முன்னறையும் குசினியும் ஒன்றுதான். உன்னை எங்கே உட்கார வைப்பது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நவமணி